இரவல் போகாத உதை

சார்-தாஷ் ஊரில் தொக்தோசுனின் ரைபிளை யார் எடுத்துச் சுட்டாலும், அதன் உதை தொக்தோசுனின் வலது தோளில்தான் விழுந்தது. சுடுகிறவன் ஒரு மலை தாண்டி இருந்தாலும் சரி, மூன்று மலை தாண்டி இருந்தாலும் சரி. அங்கே விசையை இழுத்தால், இங்கே அடுப்புப் பக்கம் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் மனிதர் கோப்பையோடு பின்னால் சாய்வார். சட்டையைக் கழற்றிப் பார்த்தால் துப்பாக்கிக் கட்டையின் அகலத்துக்குத் தோள் கருந்திராட்சை நிறத்தில் கன்றியிருக்கும். அவரே சுட்டால் எல்லோருக்கும் போல உதைக்கும், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. இரவல் கொடுத்தால் துப்பாக்கி மட்டும் போகும், உதை வீட்டிலேயே தங்கிவிடும்.

ஓநாய் சுடுவதற்காகக் கூட்டுப்பண்ணை அவருடைய அப்பாவுக்குக் கொடுத்த ரைபிள் அது. அப்பா இறந்ததும் பதிவு தொக்தோசுன் பெயருக்கு மாறியது. பிறகு பண்ணை கலைந்தது. ஆளுக்கு இத்தனை ஆடு என்று பிரித்துக் கொடுத்தார்கள். ஆடு கிடைத்தவன் விற்றுத் தின்றான், கிடைக்காதவன் அவன் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். குளிர்காலம் வந்தபோது இரண்டு பேருக்குமே இறைச்சி மலை மேல்தான் இருந்தது, ஊரில் ஒழுங்காகச் சுடுகிற துப்பாக்கி தொக்தோசுன் வீட்டுச் சுவரில்தான் இருந்தது. அப்படித்தான் அது சுவரை விட்டு இறங்கியது. இறங்கிய பிறகு சுவரில் தங்கிய நாட்கள் குறைவு. உதைக்காத ரைபிள் என்ற பெயர் பள்ளத்தாக்கு முழுக்கப் பரவிவிட்டது. தோள் எலும்பு முறிந்தவன், ஒற்றை நுரையீரலோடு பட்டாளத்திலிருந்து திரும்பியவன், பல் கட்டியவன் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். ஒரு கல்யாணத்தில் சிலர் இதைச் சோதித்தும் பார்த்தார்கள். பாதிப் பேர் மேட்டில் நின்று பாட்டில்களைச் சுட, மீதிப் பேர் தொக்தோசுனைச் சுற்றி உட்கார்ந்து அவர் தோள் துள்ளுவதைப் பார்த்துக் கை தட்டினார்கள். அவரும் சிரித்தார். கல்யாண வீட்டில் சிரிக்காமல் வேறென்ன செய்வார்.

அதிகம் இரவல் வாங்கியவன் எஷிம். இருவரும் ஒரே ஆட்டு வருஷத்தில் பிறந்தவர்கள்; எங்கள் கணக்கில் வருஷங்களுக்கு விலங்குகளின் பெயர்தான். எங்கள் பக்கம் ஒரே வருஷத்தில் பிறந்த ஆண்களைக் குர்தாஷ் என்போம். குர்தாஷ் எதைச் சொல்லித் திட்டினாலும் கோபப்படக் கூடாது, எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. அண்ணன் தம்பிக்குள் வழக்கு நடந்திருக்கிறது, குர்தாஷுக்குள் நடந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. எஷிம் வாசலில் குதிரையை நிறுத்தி, இறங்காமலே கேட்பான்.

"டேய், துப்பாக்கிய எடு. உனக்கு எதுக்கு அது, செவுத்துக்கு அழகுக்கா?"

"முந்தாநாள்தானடா குடுத்தேன்."

"அது முந்தாநாளோட போச்சு. இன்னைக்கு மலையாடு கீழ எறங்கியிருக்கு. நீ வந்து சுடுறியா? உன் தோளு இருக்கிற லட்சணத்துக்கு ஒரு கரண்டிய தூக்க முடியாது."

"தோளு இப்படி ஆனதே உன்னாலதான்டா."

"அதத்தான் நானும் சொல்றேன். நீ வீட்ல படு, நான் போயிட்டு வந்துடறேன்."

எஷிமைக் கெட்டவன் என்று சொல்ல முடியாது. துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டுத்தான் திருப்பித் தருவான். அடித்த ஆட்டில் ஒரு தொடை தொக்தோசுன் வீட்டுக்குத் தவறாமல் வந்துவிடும். கூடவே ஒரு டப்பா சூர் நெய்யும் வரும். சூர் என்பது எங்கள் மேய்ச்சல் மேடுகளில் வளை தோண்டி வாழும் கொழுத்த மலை அணில். அதன் நெய்யைத் தேய்த்தால் கன்றிப்போன தோள் ஆறும். ஆனால் நெய் வேண்டுமென்றால் சூரைச் சுட வேண்டும், சுட வேண்டுமென்றால் ரைபிள் வேண்டும். மருந்து வாங்கப் போனவனால் நோய் கூடிய கதைதான்.

ரைபிள் மட்டும் என்றில்லை. அவருடைய பட்டாளத்து பூட்ஸுக்கும் அதே குணம்தான். யார் போட்டுக்கொண்டு போனாலும் கொப்புளம் தொக்தோசுன் காலில் வந்தது. ஓடையில் இறங்கினால் இவர் பாதம் நனைந்தது. நாளாக ஆக, அடுப்படியில் உட்கார்ந்தபடியே பூட்ஸ் போகும் வழியைச் சொல்லப் பழகிவிட்டார். இது சரளை, இது புல், இது பனி. ஒரு நாள் எஷிம் சூர் வேட்டைக்கு என்று பூட்ஸை வாங்கிக்கொண்டு போனான். கொஞ்ச நேரம் கழித்து தொக்தோசுன் மனைவி ஆயிம்குல்லைக் கூப்பிட்டார்.

"இவன் மலைக்குப் போகல. பாலத்துப் பலகை மேல நடக்குறான். பாலம் தாண்டி இடது பக்கம் திரும்பிட்டான்."

"இடது பக்கம் அந்த ரொட்டிக் கடைக்காரி வீடுல்ல இருக்கு."

"வாசல்ல நிக்குறான். இப்ப பூட்ஸைக் கழட்டிட்டான்." தொக்தோசுன் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். "அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது."

ஆயிம்குல் மாவுக் கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கணவன் வழி உறவுக்காரர்களின் பெயரைப் பெண்கள் வாயால் சொல்வதில்லை. எஷிம் தூரத்துப் பங்காளியும் ஆனதால் அவனுக்கு அவள் "சிரிச்ச மூஞ்சிக்காரர்" என்று பெயர் வைத்திருந்தாள். அந்தப் பெயர் அவனுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. அந்த வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லாத காலம் அது, மகளைக் கூட அப்போதுதான் பக்கத்துப் பள்ளத்தாக்கில் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

ஒரு குளிர்காலத்தில் தோளிலிருந்து விரல் நுனி வரை மரத்துப்போனது. ஆயிம்குல் ரைபிளை எடுத்து மாவு மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு, பழுது பார்க்கக் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். யாரும் சண்டை போடவில்லை. கோடை வந்து புல் அறுக்கும் நாளில், வழக்கமாக அரிவாளோடு வரும் ஆண்கள் ஒருவரும் வரவில்லை, அவ்வளவுதான். ஒற்றைக் கையால் தொக்தோசுன் அறுத்தது போக மிச்சம் மழையில் அழுகியது. வசந்தத்துக்குள் அவர்களுடைய பசுக்கள் எலும்பும் தோலுமாய் நின்றன. ஒருநாள் தொக்தோசுன் மாவு மூட்டையை நகர்த்தி ரைபிளை எடுத்து மறுபடி சுவரில் மாட்டினார். மறுநாளே வாசலில் குதிரைகள் நின்றன. கொடுத்தால் தோள் போகும், கொடுக்காவிட்டால் ஊர் போகும். ஊர் இல்லாமல் அந்த மலையில் ஒரு பனிக்காலத்தைத் தாண்ட முடியாது என்பதால் அவர் தோளையே கொடுத்தார்.

அந்த இலையுதிர் காலத்தில் பனிமூட்டம் சீக்கிரமே இறங்கிவிட்டது. எஷிம் காலையில் வந்து ரைபிளையும் பூட்ஸையும் வாங்கிக்கொண்டு போனான். மதியத்துக்கு மேல் தொக்தோசுன் இடது கையால் சேணத்துக்கு வார் தைத்துக்கொண்டிருந்தபோது தோளில் ஓர் உதை விழுந்தது. ஊசியைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததற்காகக் காத்திருந்தார். எஷிமுக்கு எப்போதும் இரண்டாவது குண்டு தேவைப்படும், அதற்காக ஊரே அவனைக் கேலி செய்யும். இரண்டாவது உதை வரவில்லை. பதிலாகப் பாதங்கள் மெல்ல நடந்தன, நின்றன, பிறகு ஓட ஆரம்பித்தன. சரளையில் சறுக்கின. ஓடையில் கல் தேடி மிதிக்காமல் நடுத் தண்ணீரில் இறங்கின. தொக்தோசுனின் காலடியில் இருந்த கம்பளம் ஊறி, தண்ணீர் தரையில் ஓடியது.

"என்ன, ஓநாய் கீது துரத்துதா?" என்றாள் ஆயிம்குல்.

"தெரியல. விழுந்து விழுந்து ஓடுறான்."

மறுநாள் காலை ரைபிள் வாசலில் குதிரை கட்டும் கம்பத்தில் தொங்கியது. பூட்ஸ் அதன் கீழே ஈரமாகக் கிடந்தது. ரைபிள் துடைக்கப்படவில்லை, ஆட்டுத் தொடையும் இல்லை. அந்தக் குழலை முகர்ந்து பார்த்தபோதே தொக்தோசுனின் முகம் மாறிவிட்டதாக ஆயிம்குல் பிற்பாடு சொல்வாள். அன்று மதியம் ஆடு மேய்க்கும் ஒர்மோனின் குதிரை ஆள் இல்லாமல் ஊருக்குள் வந்தது. தேடிப் போனவர்கள் மேட்டுச் சுனையருகே அவனைக் கண்டார்கள். பழுப்பு நிறக் கம்பளிக் கோட்டோடு தண்ணீர் குடிக்கக் குனிந்தவன் அப்படியே கவிழ்ந்து கிடந்தான். பனிமூட்டத்தில் அந்தக் கோட்டும் குனிந்த முதுகும் மலையாடு மாதிரித்தான் தெரிந்திருக்கும் என்று கண்டவர்களே சொன்னார்கள். முப்பது வயதுகூட ஆகாத பிள்ளை. மனைவி சைரா அப்போது கர்ப்பிணி.

தொக்தோசுன் அன்று முழுக்க வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். ஆயிம்குல் உள்ளே வரச் சொன்னபோதெல்லாம் ஒரே பதில்தான். "அவன் வருவான். வந்து அவனே சொல்லுவான். நாம சொன்னா அது காட்டிக் குடுக்கிறது, அவன் சொன்னா அது மனுசத்தனம். கொஞ்சம் பொறு." இருட்டும்வரை வாசலில் எந்தக் குதிரையும் நிற்கவில்லை. நட்புக்காக மனிதன் எவ்வளவு நேரம் வாசற்படியில் உட்கார்ந்திருக்கலாம் என்பதற்கு எங்கள் ஊரில் கணக்கு எதுவும் கிடையாது, இருந்திருந்தால் நல்லது.

மலைச்சரிவால் சாலை அடைபட்டிருந்தது. நகரத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்து சேர்வதற்குள் ஊரின் வெள்ளைத்தாடிக்காரர்கள் பழைய பண்ணைக் கட்டடத்தில் கூடினார்கள். அன்று துப்பாக்கி யாரிடம் இருந்தது என்று மூத்தவர் மம்பெத் கேட்டார். தான் வேறு பள்ளத்தாக்கில் தன் குளிர்காலக் குடிசையில் இருந்ததாகச் சொன்னான் எஷிம். தொக்தோசுனிடம் கேட்டபோது அவர் எஷிமையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "அன்னைக்குத் துப்பாக்கி என்கிட்ட இல்ல. யாரு கையில இருந்துச்சோ அவனே சொல்லட்டும்." எஷிம் மடியில் இருந்த தொப்பியின் மடிப்பைத் தடவிக்கொண்டிருந்தான். கடைசியில் பெண்கள் பக்கமிருந்து ஆயிம்குல் எழுந்தாள்.

"சிரிச்ச மூஞ்சிக்காரரு கையிலதான் இருந்துச்சு. இல்லன்னா குழல்ல வாய வச்சு சத்தியம் பண்ணச் சொல்லுங்க."

குழல் சத்தியம் எங்களிடம் பழையது. சம்பந்தப்பட்ட துப்பாக்கியில் குண்டைப் போட்டு, குழல் முனையை உதட்டால் தொட்டு, பொய் சொன்னால் இந்தக் குழலே என்னை வாயில் அடிக்கட்டும் என்று சொல்ல வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவன் எவனும் மறு வசந்தத்தைப் பார்த்ததில்லை என்பார்கள். ஆகவே அதைக் கேட்டவர்கள் கொஞ்சம், செய்தவர்கள் அதைவிடக் கொஞ்சம். எஷிமின் முகத்தில் ரத்தமே இல்லை. அவனுக்கும் வீட்டில் மனைவி உண்டு, வரிசையாகப் பெண் பிள்ளைகள் உண்டு. அவன் எழுந்து வந்து மண்டியிட்டு, குழலைப் பிடித்து, உதட்டை வைத்து, சொல்ல வேண்டியதைச் சொன்னான்.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாறு ஆள் தள்ளி உட்கார்ந்திருந்த தொக்தோசுன்தான் வாயைப் பொத்திக்கொண்டு முன்னால் சரிந்தார். கையை விலக்கிப் பார்த்தபோது உதடுகள் வெடிமருந்து அப்பியதுபோலக் கருத்திருந்தன. நாக்கு கட்டை மாதிரி விறைத்துவிட்டது. அதன் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, பேச முடியவில்லை. அப்போதுதான் ஆயிம்குல்லுக்குத் தான் செய்த தப்பு விளங்கியது. ரொட்டி மேல் சத்தியம் கேட்டிருக்க வேண்டும். ரொட்டி யார் பெயரிலும் பதிவாவதில்லை, அது பொய் சொன்னவனையே அடித்திருக்கும். இந்த ரைபிளில் பிறக்கும் அடி எல்லாம் எந்த வீட்டுக்கு வரும் என்பதைத் தினமும் சூர் நெய் தேய்த்துவிடும் அவள் மறந்து போனாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது பழமொழி. இங்கே இரண்டும் ஒரே மனிதர் மேல் வந்து உட்கார்ந்தன.

கறுத்த உதட்டைப் பார்த்ததும் அங்கிருந்த அத்தனை பேருக்கும் உண்மை தெரிந்துவிட்டது. கல்யாணத்தில் அவர் தோளைப் பார்த்துக் கை தட்டியவர்கள்தானே எல்லோரும். ஆனால் கேட்ட சத்தியம் செய்யப்பட்டாகிவிட்டது, செய்த சத்தியத்தின் மேல் மறு விசாரணை கிடையாது. மம்பெத் நெடுநேரம் தாடியைத் தடவிவிட்டு, "சத்தியம் சத்தியந்தான்," என்று சொல்லி எழுந்தார். அவர் பின்னால் மற்றவர்களும் எழுந்தார்கள். எஷிமின் பங்காளிகள் ஊரில் பாதி என்பதும் காரணம். உதைக்காத ரைபிளில் ஊரில் எல்லோருமே என்றாவது சுட்டிருந்தார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

விசாரணை அதிகாரி வந்தபோது வேலை சுலபமாக இருந்தது. ரைபிள் தொக்தோசுன் பெயரில் இருந்தது. குண்டு அந்த ரைபிளுடையது. சுட்ட அடையாளம் அவர் தோளில் இருந்தது, வெடிமருந்துக் கறை அவர் வாயில் இருந்தது, கேட்ட கேள்விக்குப் பதிலும் இல்லை. எஷிமின் தோளையும் திறந்து பார்த்தார்கள், அது பாலில் தோய்த்த துணி மாதிரி இருந்தது. துப்பாக்கி எப்படிப்பட்டது என்று ஆயிம்குல் எடுத்துச் சொன்னாள்.

"அப்படின்னா நான் சுட்டா உன் புருசனுக்கு வலிக்குமா?" என்று அதிகாரி சிரித்தார்.

"சுட்டுப் பாருங்க ஐயா. ஒரே ஒரு தடவ மட்டும் சுடுங்க."

அவர் கட்டடத்தின் பின்பக்கம் போய் ஒரு கல்லைப் பார்த்துச் சுட்டார். உதையே இல்லை. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே தொக்தோசுன் நாற்காலியோடு கவிழ்ந்து கிடந்தார். அதிகாரி வாசலில் நின்று அவரையும் ரைபிளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை, புரிந்துகொண்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் புரிந்ததை எந்தச் சட்டப் பிரிவில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. குற்றவாளிக்கு வலிப்பு நோய் உண்டு என்று எழுதிக்கொண்டார். ஜீப் கிளம்பும்போது பாலத்தருகே எஷிம் நின்றிருந்தான். தொக்தோசுன் கண்ணாடி வழியே அவனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எஷிம் தாங்கியிருப்பான். இன்னும் காத்திருக்கிறேன் என்பது போலத்தான் பார்த்தார்.

சிறை சமவெளியில் இருந்தது. வழக்கு முடிந்த பிறகும் ரைபிள் சாட்சிப் பொருளாக மாவட்ட அலுவலகத்துப் பீரோவில் கிடந்தது. கிடந்தது என்பது காகிதத்தில். உதைக்காத ரைபிள் என்ற செய்திக்குப் பூட்டு ஏது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதிகாரிகள் அதை எங்கள் மலைக்கே கொண்டுவந்தார்கள். மேட்டிலிருந்து வெடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஆயிம்குல் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே வந்து நிற்பாள். அந்த உதை எங்கோ சமவெளியில், சிறைக் கட்டிலில் படுத்திருக்கும் மனிதருக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பேச நாக்கும் எழுதக் கையும் இல்லாத கணவனிடமிருந்து வேறு சேதி இல்லை. சத்தம் கேட்டால் அவர் இருக்கிறார் என்று அர்த்தம், அடி வாங்குகிறார் என்றும் அர்த்தம். ஒருமுறை பேருந்து மாறி மாறிப் போய்ப் பார்த்தாள். அவர் சட்டையை விலக்கித் தோளைக் காட்டினார். தோள் என்ற ஒன்றே அங்கே இல்லை, கறுத்த ஒரு பள்ளம் இருந்தது. அவள் கொண்டுபோன சூர் நெய்யை உள்ளே விட மறுத்துவிட்டார்கள். ரைபிளை அழித்துவிடும்படி மனு கொடுத்தாள். சாட்சிப் பொருளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று பதில் வந்தது.

இந்த வருஷங்களில் எஷிம் மெலிந்துபோனான். கேட்காமலே ஆயிம்குல்லின் புல்லை அறுத்துப் போட்டான், விறகைப் பிளந்து அடுக்கினான். சைராவின் ஆடுகளைக் கூலியில்லாமல் மேய்த்தான். அவளுடைய பிள்ளைக்கு முதல் குதிரையேற்றம் பழக்கியதும் அவன்தான். ஆனால் இரண்டு பெண்களின் முகத்தையும் அவன் ஏறிட்டுப் பார்த்ததில்லை. குளியல் வீட்டில் அவன் சட்டையைக் கழற்றினால், அந்த வெள்ளைத் தோளைப் பார்க்கச் சகிக்காமல் ஆண்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். ஊர் அவனை ஒதுக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. ஒதுக்க வேண்டுமென்றால் ஊர் தன்னையும் சேர்த்து ஒதுக்க வேண்டியிருந்தது.

பிறகு ஓர் இலையுதிர் காலத்து ஞாயிற்றுக்கிழமை. ஆயிம்குல் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மேட்டில் வெடித்த சத்தம் காதுக்கு வருவதற்கு முன்பே அவளுடைய வலது தோளில் ஓர் உதை விழுந்தது. மாவுத் தட்டோடு சுவரில் போய் மோதினாள். கொஞ்ச நேரம் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தாள். சட்டையை விலக்கிப் பார்த்தாள், கருந்திராட்சை நிறம். மனிதர் போனால் அவர் பொருள் எல்லாம் மனைவிக்கு வரும். உதையும் வந்திருந்தது. அவள் கையைக் கழுவி, வெள்ளை முக்காட்டை அவிழ்த்துக் கறுப்பைக் கட்டி, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி ஒப்பாரியைத் தொடங்கினாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடி வந்தார்கள். தோளைப் பார்த்தார்கள். ஆண்கள் முற்றத்தில் துக்கக் கூடாரத்தைக் கட்டினார்கள், ஒருவன் அடுப்பு மூட்டினான். சிறையிலிருந்து காகிதம் வந்தபோது ஊர் பாதி துக்கத்தை முடித்திருந்தது. உடல் அதற்கும் பிறகு ஒரு லாரியில் வந்தது.

அன்று மழை. துக்கத்துக்கு வரும் ஆண்கள் தூரத்திலிருந்தே குதிரையை விரட்டிக்கொண்டு அழுதபடி வர வேண்டும் என்பது முறை. எஷிம் பாலத்திலேயே அழத் தொடங்கிவிட்டான். "என் ஈரக்கொலையே, என் ஈரக்கொலையே" என்ற அந்தக் குரலில் பொய் இல்லை, அதைக் கேட்டவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். குழி தோண்டப் போகும் ஆண்களோடு அவனும் சேர்ந்துகொண்டான். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து கூடாரத்து வாசலில் தலையைக் குனிந்து நின்றான். அவனுடைய பூட்ஸ் அடிப்பாகம் பிளந்து வாயைத் திறந்துகொண்டிருந்தது.

"மதினி, அவன் பூட்ஸ் இருக்கா? குழியெல்லாம் சகதியா கெடக்கு."

உள்ளே பெண்களின் அழுகை சட்டென்று நின்றது. ஆயிம்குல் சுவரைப் பார்த்தபடியே இருந்தாள். குழி தோண்டுகிறவனுக்கு எதையும் மறுக்கக் கூடாது. மறுக்கலாம் என்று இருந்திருந்தாலும் அவள் மறுத்திருக்க மாட்டாள். அந்தக் கால்கள் எங்கே போகின்றன என்று தெரிந்துகொள்ள அவளுக்கு வேறு வழி இல்லை.

"வீட்டுக் கதவுக்குப் பின்னாடி இருக்கு. எடுத்துக்குங்க."

ஒப்பாரி மறுபடி தொடங்கியது. அவள் பாதங்கள் சில்லென்று நனைந்தன. மேட்டில் ஏறும் களிமண், மண்வெட்டியை மிதிக்கும்போது உள்ளங்காலில் அழுந்தும் இரும்பு விளிம்பு, எல்லாம் தெரிந்தது. உடலை எடுத்துப் போனார்கள். மண் மூடினார்கள். மற்றவர்கள் விருந்துக்குத் திரும்பி வந்து முற்றத்தில் கை கழுவினார்கள். பூட்ஸ் போட்ட கால்கள் மட்டும் வெகுநேரம் ஒரே இடத்தில் நின்றன. பிறகு நடந்தன. வீட்டுப் பக்கம் இல்லை. பாலத்துப் பலகைகள் ஒவ்வொன்றாக வந்தன. பாலம் தாண்டி வலது பக்கம் திரும்பிச் சரளை ஏற்றம். அந்த ஏற்றத்தில் ஒரே ஒரு வீடுதான் இருக்கிறது, அது சைராவின் வீடு.

ஆயிம்குல் ஒப்பாரியை நிறுத்தினாள். களைத்துவிட்டாள் என்று நினைத்து ஒருத்தி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அவள் கோப்பையைத் தொடவில்லை. கால்கள் சைரா வீட்டு வேலியருகே நின்றன. உள்ளே நுழைந்தன, முற்றத்துச் சகதி. வாசற்படியின் மரப்பலகையை வலது கால் மிதித்தது. சொல்லு, என்றாள் ஆயிம்குல் வாய்க்குள். இனி யாரும் வரப்போவதில்லை, யாரும் பிழைக்கப்போவதில்லை, ஆனாலும் சொல்லு. என் புருசன் சுடல என்று ஒரு ஆள்கிட்டயாவது சொல்லு. குதிகால் தூக்கிக்கொண்டது. இடது காலும் படிக்கு வந்தது. அப்படியே இருந்தது. மழைத் தண்ணீர் பூட்ஸ் வாயில் இறங்கி அவள் கணுக்கால்வரை ஏறியது.

பிறகு இடது கால் கீழே இறங்கியது. வலது கால் இறங்கியது. சரளை இறக்கம் வந்தது, பாலம் வந்தது, எஷிமின் வீட்டுப் பாதையில் இருக்கும் கூழாங்கற்கள் வந்தன. அதன் பிறகு ஒன்றும் தெரியவில்லை. பூட்ஸைக் கழற்றிவிட்டான்.

காலையில் பூட்ஸ் குதிரைக் கம்பத்தின் கீழே இருந்தது. கழுவித் துடைத்து மெழுகு போட்டிருந்தது. உள்ளே கண்ணி வைத்துப் பிடித்த சூரின் நெய் ஒரு டப்பா. ஆயிம்குல் மூடியைத் திறந்து முகர்ந்தாள். நெய் நல்ல நெய்தான். அடுத்த ஞாயிறு எப்படியும் வரும் என்பதால் கொஞ்சம் எடுத்துத் தோளில் தேய்த்துக்கொண்டாள். வாசலில் யாரோ குதிரையை நிறுத்தினார்கள். பக்கத்துத் தெருக்காரன், மேட்டில் ஆட்டைத் தேடிப் போக வேண்டுமாம், ஒரு நாளைக்குப் பூட்ஸ் கிடைக்குமா என்று கேட்டான். அவள் கால்விரல்களை அடுப்புப் பக்கம் நீட்டிக்கொண்டு, ஓடையில் இறங்காமல் போகச் சொல்லிக் கொடுத்தனுப்பினாள்.